சமையலறையில் போட்ட மெட்டு

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அரசாங்க இசைக் கமிட்டியில் பதவி கிடைத்தவனுக்கு என்ன குறைச்சல்?

எந்தக் கவிதையை எழுதியதற்காக என் வீட்டுக்காரரை, உன் மாமாவைச் சிறையில் போட்டார்களோ, அதை நான் மேடையில் பாடவில்லை. மெட்டை மட்டும் வயலினில் வாசித்தேன். முன்வரிசை அதிகாரி தப்புத் தாளமாய்த் தொடையில் தட்டி, "பிரமாதம்மா!" என்றார். மிருதங்கத்தில் உன் கைதான் ஒரு கணம் நின்றது.

மறுநாள் அதே அதிகாரி வீட்டுக்கு வந்தார். "அது எந்தப் பாட்டுன்னு இப்பத்தாம்மா தெரிஞ்சுது," என்று வயலினைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த மெட்டு என் சமையலறையைத் தாண்டியதே இல்லையடா. கேட்டவள் நான், கேட்டவர் உன் மாமா. மெட்டுப் போட்டவன் நீ.

உன் மிருதங்கத்தை வாசலில் வைத்துவிட்டேன். மழை வரும்போல் இருக்கிறது. உள்ளே எடுத்து வைக்க மாட்டேன்.

நேற்றுவரை உன் அக்கா