தேவகி அத்தைக்கு, வெல்வெட் டப்பா பற்றி

என் கண்ணான அத்தைக்கு,

இதனால் மேலோகத்தில் வாசம் செய்யும் தேவகி அம்மாள் அவர்களுக்கும், அவ்விடத்துப் பெரியோர்களுக்கும் அடியேன் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை காபி நேரத்துக்குச் சற்று முன்பாக, நம் வீட்டுக் கறுப்புக் கோழி அப்பாவின் இடது ஆபீஸ் பூட்ஸுக்குள் முட்டையிட்டது. தாய் நலம். சேய், அப்பாவின் காலுறையில்.

சிரித்தாயா? சிரித்தவரைக்கும் லாபம். இனிமேல் இந்தக் கடிதத்தில் சிரிக்க அதிகம் இல்லை. நான் பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன்.

இதை டாலிகஞ்ச் பேட்டைப் பையன்கள் நாங்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதுகிறேன். மூன்றே பிரதிதான். ஆனால் ஒரு வாரத்தில் போர்ட் பிளேரில் தமிழ் தெரிந்த எல்லா வீட்டுக்கும் போய்விடும். போகட்டும். உனக்கு எழுதுவதை ஊர் ஒட்டுக்கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே.

இன்று உன் பதினாறாம் நாள் காரியம். பந்தியில் வடை வாங்கிச் சாப்பிட்ட கை ஈரம் காயவில்லை, கான்ட்ராக்டர் வீட்டம்மா மெல்ல அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, தேவகி ஒரு ஃபாரின் டப்பா வச்சிருந்தாள்ல, கண்ணுக்குப் போடுறது? சும்மாதான கெடக்கு? தையில எங்க மகளுக்குக் கல்யாணம் வருது..."

எந்த டப்பா அத்தை? பதினாறு நாளைக்கு முன்னால் இதே வீட்டில், இதே வாய், "சீ, கருமம்" என்று சொன்ன அதே டப்பா.

உனக்குத் தெரிந்த கதைதான். ஒட்டுக்கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மாமா ஹட் பே தீவுக் காட்டில் வெட்டிய மரம் மேலே சரிந்து இறந்தபோது உனக்கு இருபத்தொன்று. எங்கள் வீட்டுக்கு வந்தாய். மைதீன் பாய் துணிக்கடையின் பின்கட்டில் தையல் மிஷின் போட்டு, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாய். கிளிப்பச்சை, ராமர் நீலம், மாம்பழ மஞ்சள் எல்லாம் உன் மடியில் வந்து விழும். தைத்து முடித்ததும் எழுந்து போய்விடும். உனக்கென்று விட்டது சாம்பல் நிறம் ஒன்றுதான்.

பாய்க்குப் பினாங்கிலிருந்து அவர் மச்சான் அனுப்பிய சாமானோடு அந்த டப்பா வந்தது. மூடியில் நிஜச் சரிகைத் துணி ஒட்டியிருக்கும். உள்ளே பன்னிரண்டு சாயச் சதுரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணியின் பெயர்: சாட்டின், ஷிஃபான், டஃபட்டா, ஆர்கண்டி, வெல்வெட்... பெயர் மட்டுமல்ல, அந்தந்தத் துணியின் நெசவே சாயத்தின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். உலகத்துக்கே முந்நூறு டப்பாதான் செய்தார்களாம். இதன் அடியில் எண்பத்தேழு என்று போட்டிருந்தது. நம் பாய் இந்தப் பொக்கிஷத்தை எங்கே வைத்தார்? கடை ஓரத்தில் விற்கும் பள்ளிக்கூட நோட்டு, ரப்பர், பென்சிலுக்குப் பக்கத்தில்! வாட்டர் கலராம்.

"பாய், இது கண் இமைக்குப் போடுறது. சினிமாக்காரங்க போடுவாங்க" என்று நீ சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே.

"யா அல்லா, கண்ணுக்கா! ட்ராயிங் மாஸ்டர் வாங்கிட்டுப் போயி, தண்ணியில கரையமாட்டேங்குது, மட்டமான சரக்குன்னு திருப்பிக் குடுத்துட்டாரே! இந்தா புள்ள, பெருநாளைக்கு நீயே வச்சுக்க."

வைத்துக்கொண்டாய். வைத்துக்கொள்ளத்தானே முடிந்தது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, என்னை பிஸ்கட் டின்மேல் உட்கார வைப்பாய். உன் இமைக்கு அனுமதி இல்லை. என் இமை இலவசம்.

"டேய் மருமகனே, கண்ணை மூடுடா. ஆடாத."

"கூசுது அத்தை."

"கூசட்டும். இவனுங்க இதுக்கு ஷிஃபான்னு பேர் வச்சிருக்கானுங்க பாரு. ஷிஃபான் இப்படியா விழும்? தண்ணி மாதிரில்ல விழணும். இது மல்லுத் துணிடா. வெல்வெட்டு மட்டும் சரியாப் பண்ணியிருக்கான். விரல் வச்சா அமுங்குது பாரு."

கடல் ஆழத்துப் பச்சை அது. ஒருநாள் அதைப் போட்டுவிட்டு, துடைக்காமல் மண்ணெண்ணெய் வரிசைக்கு அனுப்பினாயே? (நானாகத்தான் போனேன். நீ தடுக்கவில்லை, அதுவும் குற்றம்தான்.) வரிசையில் இருந்த பெங்காலிப் பையன், என் கண்ணுக்கு என்ன ஆச்சு என்று அலறினான்: "அரே, தேரே ஆங்க் கோ க்யா ஹுவா?" நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மெட்ராஸ் ஐ, பாய். அப்பீ அப்பீ ஜஹாஸ் ஸே ஆயா ஹை" என்றேன். கப்பலில் வந்த சீக்கு என்றதும் வரிசை இரண்டாகப் பிளந்தது. முதல் ஆளாக மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ மிஷின்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாய். மாமா போனபிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீ உனக்கே போட்டுக்கொண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரே ஒரு கண்ணில். வலது இமையில் வெல்வெட்டைத் தொட்டுவிட்டு, கைக்கண்ணாடியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாய். கண்ணாடிக்குள் யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது உன் முகம். அப்போது பார்த்து அம்மா வந்தாள்.

"தேவகி." அவ்வளவுதான் முதலில். பிறகு, "உன் அண்ணியா சொல்லல. ஊருக்காகச் சொல்றேன். தொடச்சுக்க" என்று தன் முந்தானையையே நீட்டினாள்.

துடைத்துக்கொண்டாய். நான் பிஸ்கட் டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அத்தை துடைத்தாய்? "போங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அம்மாமேல் கோபம். அதைவிட உன்மேல் அதிகம். கேட்டதற்கு என்ன சொன்னாய்? "இது தீவுடா மருமகனே. ஓடினாலும் கடல்தான் வரும்."

இந்தத் தீவை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மெயின்லேண்டிலிருந்து இங்கே எதுவாவது ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறதா? வெங்காயம் அழுகி வருகிறது. பத்திரிகை ஒரு மாசம் பழசாகி வருகிறது. சினிமாப் படம் நடுவில் இரண்டு ரீல் இல்லாமல் வருகிறது. கப்பலேறியதும் என்ன சாதி, எந்த ஊர் என்பதைக்கூட பாதிப் பேர் கடலில் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு மாப்பிள்ளை, பெங்காலிப் பெண். ஆனால் புருஷன் செத்தவள் நிறம் தொடக் கூடாது என்கிற சட்டம் மட்டும் மடிப்புக்கூடக் கலையாமல் வந்து இறங்கியிருக்கிறதே, அதை எந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்? பத்திரமாக இறக்கிவைத்த கூலிக்காரன் எவன்?

பிறகு உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட உன் வாய் சும்மா இருந்ததா? "பாத்தியாடா, போட்டுக்கக் கூடாதுன்னாங்க. கண்ணுக்குள்ளயே கலர் வந்துருச்சு." நான் சிரித்தேன். அப்போதுதான் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"டேய், நெசமாத்தான் சொல்றேன். என்னைத் தூக்குறதுக்கு முன்னாடி அந்த வெல்வெட்டைப் போட்டுவிட்டுருடா. அப்ப யாரு என்ன செஞ்சுருவா?"

"ஒரு கண்ணுக்கு வெல்வெட்டு, ஒரு கண்ணுக்கு சாட்டின் போடவா?"

"மடையா, ரெண்டுக்கும் ஒரே கலர். இல்லாட்டி எமன் திருப்பி அனுப்பிருவான்."

அனுப்பியிருக்கலாம்.

ஊர் அறிய எழுதுகிறேன்: உன் மருமகன் வாக்குத் தவறவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, குளிப்பாட்டி முடித்துப் பெண்கள் கோடித்துணி எடுக்கப் போன நேரம், உள்ளே புகுந்து காரியத்தை முடித்தேன். நடுங்கவில்லை, அழவில்லை. சிங்கம்!

திரும்பி வந்தவர்கள் உன்னைப் பார்த்ததும் அழுகையே நின்றுபோனது. சாம்பல் நிறத்தில் ஏழு வருஷம் பார்த்த முகத்தில், இரண்டு பச்சை இமை. கான்ட்ராக்டர் வீட்டம்மாதான் ஆரம்பித்தாள்.

"சீ, கருமம்! எந்தப் பேயி செஞ்ச வேலை இது? தாலியறுத்தவ மொகத்துல கூத்தாடி வேஷமா? தண்ணி கொண்டாங்க, தொடைங்க!"

"நான்தான் செஞ்சேன்" என்றேன். "தொட்டுப் பாருங்க."

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன். யாரும் தண்ணீர் எடுத்து வரவில்லை. பெட்டைக்கோழிக் கூட்டம் மாதிரி ஆளாளுக்குக் கத்தினார்கள், கத்திவிட்டுத் தூக்கினார்கள். நீ அந்தப் பச்சையோடுதான் போனாய் அத்தை. வழியில் தூறல் விழுந்தது. அது தண்ணீரில் கரையாது என்பதை ட்ராயிங் மாஸ்டர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்.

அன்று முதல் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனி மரியாதை. இன்று அந்தம்மா டப்பா கேட்டபோதும் நான்தான் பதில் சொன்னேன். அம்மா வாயைத் திறக்குமுன் குறுக்கே விழுந்தேன்.

"தாரேன் பெரியம்மா. உங்க பொண்ணுக்கு இல்லாததா? ஆனா அந்தப் பச்சையில மட்டும் எங்க அத்தையத் தொட்ட வெரலு பட்டுருக்கு. முகூர்த்தத்துக்குப் பரவாயில்லையா?"

அப்பளம் மாதிரி முகம் சுருங்கி எழுந்து போனாள். வெற்றிலையைக்கூட எடுக்கவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாம் சரி. ஒரே ஒரு இடம் தவிர.

அத்தை, நான் போடவில்லை.

உள்ளே போனது நிஜம். டப்பாவைத் திறந்ததும் நிஜம். வெல்வெட்டில் விரலை வைத்தேன், அமுங்கியது. விரலை உன் கண் பக்கத்தில் கொண்டுவந்தேன். அதற்குமேல் போகவில்லை. நீதான் என்று தெரியும், ஆனாலும் பயம். நீ கண் திறந்துவிடுவாயோ என்று பயம், திறக்கவே மாட்டாயே என்றும் பயம். பச்சை விரலை டவுசரில் துடைத்துவிட்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். சிங்கம்.

கதவு திறந்தது. அம்மா. டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். கையை நீட்டினாள். தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் வீசி எறியப் போகிறாள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவள் திரும்பிப் போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

"இதுல எதுடா அவளுக்குப் பிடிக்கும்?"

வெல்வெட்டைக் காட்டினேன்.

அம்மா கட்டைவிரலால் போட்டாள். இமைக்குப் போடுகிற மாதிரியா போட்டாள்? நிலைப்படிக்கு மஞ்சள் பூசுகிற மாதிரி, அப்பி, புருவம் வரைக்கும். "ஆடாம இரு தேவகி" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். முடித்துவிட்டு, "இப்படித்தானடா?" என்றாள். தலையாட்டினேன். பொய்தான். ஷிஃபானையே குறை சொன்னவள் நீ; பார்த்திருந்தால் எழுந்தே உட்கார்ந்திருப்பாய்.

பெண்கள் கத்தியபோது, அம்மா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். அம்மாவைக் காப்பாற்ற என்று எழுதிவிட்டால் அழகாகத்தான் இருக்கும். நிஜம் அதுவல்ல. பயந்து குந்தியவன் என்பதைவிட அடி வாங்கியவன் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கன்னத்தில் விழுந்த அந்த அறை மட்டும்தான் அத்தை, நானே சம்பாதித்தது.

இதை எழுதிவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். பத்திரிகையில் போடலாமா, ஊர் அவளைப் பேசுமே என்றேன். அடுப்பங்கரையில் நின்றபடியே முழுவதும் படித்தாள். முந்தானை பற்றிய இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

"போடு" என்றாள். "நான்தான் போட்டேன்னு எழுதியிருக்கியே, அத மட்டும் அழிச்சுராத." பிறகு கரண்டியைக் காட்டி, "புருவம் வரைக்கும் அப்பினேன்னு எழுதியிருக்க பாரு, அது பொய்யி" என்றாள்.

பொய் இல்லை. அதையும் நான் அழிக்கப் போவதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. காரியம் முடிந்து கிளம்பும்போது மைதீன் பாய் என்னை ஓரமாக அழைத்து, சட்டைக்கு என்று இரண்டு மீட்டர் நல்ல டெர்லின் துணி கொடுத்தார். "எங்க புள்ளைக்கு நீயாவது செஞ்சியே. தைரியசாலிடா நீ." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். போட்டது நானில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அது இப்போது என் மேஜைமேல் மடித்தபடி கிடக்கிறது, என்னைப் பார்க்கிறது.

நாளைக்குக் காலை கடை திறந்ததும் போவேன் அத்தை. யார் போட்டது என்று பாயிடம் என் வாயால் சொல்லி, துணியைத் திருப்பிக் கொடுத்து, அம்மாவுக்கு ஜாக்கெட் துணியாக மாற்றிக் கேட்பேன். எந்த நிறம் என்று பாய் கேட்டால், அம்மாவையே கூட்டிவந்து காட்டச் சொல்வேன். இது சத்தியம். இந்தத் தடவை பாதியில் உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெற்றதும், உன் அண்ணி வளர்த்ததும், உன் கையில் கெட்டதுமான
உன் மருமகன் சேகர்