போலீஸ் கார் கேமும் அத்தா காரும்

திருச்சி

அன்பு மகன் கலீமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால நான் இங்க நல்லா இருக்கேன், தோஹா வெயில்ல நீ ஒழுங்கா தண்ணி குடிக்கிறியான்னுதான் எனக்குக் கவலை. போன்ல பேசினா நடுவுல புகுந்து என் வாய அடைச்சிடுவே, அதான் எழுதுறேன், முழுசாப் படி.

உன் அத்தா ஓட்டின கார தன் மகனுக்குக் குடுத்துடுன்னு, அத்தாவோட அண்ணன், உன் பெரியத்தாவும் சொன்னாரு, நீயும் சொன்னே. குடுக்க மாட்டேன். அத்தா மவுத்தாகி நான் நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம வீட்டோட இத்தா இருந்தப்ப அலமாரிய ஒழிச்சேன், நீ சின்னப்புள்ளையில விளையாடின வீடியோ கேமும் அந்த போலீஸ் கார் கேசட்டும் கிடைச்சுச்சு, டிவியில மாட்டினேன். ரோந்து போயி திருடனுங்க வேகமாப் பறக்குற வண்டிய மட்டும் மடக்கணும், போற வர்ற ஜனங்கள இடிச்சா மேலதிகாரி திட்டி வேலைய விட்டே தூக்கிடுவாரு. மொத நாள் பூரா எனக்கு வேலை போயிக்கிட்டே இருந்துச்சு. அழுதுக்கிட்டே கிடந்தவ அன்னைக்குத்தான் சிரிச்சேன். விடாம விளையாடி, ஒருத்தரையும் இடிக்காம கடைசித் திருடன் வரைக்கும் புடிச்சிட்டேன்.

பெரியத்தா வந்து பாத்துட்டு, புருஷன் போன வீட்டுல சைரன் சத்தமா, இந்த வயசுல என்ன கூத்துன்னு ஒயரப் புடுங்கினாரு. மச்சான், புடுங்கினத மாட்டிட்டுப் போங்கன்னேன். அவரு மாட்டல, நானே மாட்டிக்கிட்டேன். பொம்மைக் கார் ஓட்டினா நிஜக் கார் ஓடிடுமான்னு கேட்டுட்டுப் போனாரு பாரு, அதுதான் என்னைக் கிளப்பி விட்டுச்சு. இத்தா முடிஞ்சதும் புத்தூர்ல வேணின்னு ஒரு பொண்ணு நடத்துற டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தேன். கேம்ல கிளட்ச் கிடையாது, இங்க மேட்டுல ஏத்துறப்ப வண்டி பின்னால உருண்டு உயிரே போயிடுச்சு. மொத டெஸ்ட்ல பெயில், பெரியத்தா தெருவெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. சிரிக்கட்டும்னு மறுபடி போயி பாஸ் பண்ணிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை அத்தா கார நானே எடுத்து முக்கொம்பு வரைக்கும் ஓட்டினேன், வேணி பக்கத்துல சும்மா உட்கார்ந்து வந்தா. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னான், நான் என் வேகத்துலதான் போனேன். திரும்பி வந்து பெரியத்தா வாசல்லயே நிறுத்தி, இனிமே இந்தக் கார் பேச்சை எடுக்காதீங்க மச்சான்னு சொல்லிட்டேன். உள்ளேருந்து பெரியம்மா செருப்ப மாட்டிக்கிட்டு வந்து பின்சீட்டுல ஏறி உட்கார்ந்து, முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி போகணும்னு இவரக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன், நீ கூட்டிட்டுப் போம்மான்னாங்க.

உனக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் என் துஆ எப்பவும் உண்டு. வேளைக்குத் தொழு, வெறும் வயித்தோட படுக்காதே. லீவுல வர்றப்ப ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லாதே, நான் வரேன். வண்டியில ஏறினதும் அப்படித் திருப்பு இப்படித் திருப்புன்னு மட்டும் சொல்லக் கூடாது, ஆமா.

உன் அம்மா
ஜீனத்