குச்சிக் கேக்கும் போன் மாமாவும்

அன்பு மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் பெற்ற வாலு மூவரும் நலம். உன் நலத்தைத் தினமும் போனில் பார்க்கிறோம் என்றாலும் அதில் கழுத்து வரைக்கும்தான் தெரிகிறது, அதற்குக் கீழே எப்படி இருக்கிறாய் என்று நீதான் எழுத வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் பக்கத்தில் அப்பா இருக்கிறார், நீ சிரிக்கிறாய், நானும் சிரிக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் உன் இடைவேளை முடிந்துவிடுகிறது, சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடுகிறது. போன வாரம் நீ, கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன சொல்லட்டும் என்று கேட்டாய். உன் இஷ்டம்ப்பா என்றார் அப்பா. உடம்பைப் பாத்துக்கோ என்றேன் நான். அது பதிலே இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரியான பதிலை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் பழக்கம் தெரிந்ததுதானே, எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, வாலுவின் பிறந்தநாளில் நடந்ததைச் சொல்லி முடித்துத்தான் அந்தப் பேச்சுக்கு வர முடியும்.

இந்த வருஷம் அவளுக்கு வழக்கமான கேக் வேண்டாமாம். வகுப்பில் யாரோ குச்சியில் செருகிய உருண்டைக் கேக் கொடுத்தார்களாம், அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கேக் பாப் என்று அதற்குப் பெயர், நாங்கள் குச்சிக் கேக் என்று வைத்துக்கொண்டோம். உன் தங்கச்சி போனில் செய்முறையைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் செய்வது என்று ஏற்பாடு. முதலில் ஒரு கேக் செய்ய வேண்டும். அது என் கைக்கு எப்போதும் வரும், நன்றாகவே வந்தது, பஞ்சு மாதிரி. இப்ப இதைப் பொடியா உதிர்த்துடும்மா என்றாள். நன்றாக வந்த கேக்கை எதற்குடி உடைக்கணும் என்று கேட்டேன். உடைச்சாத்தான் உருட்ட முடியும் என்றாள். மனசே இல்லாமல் உதிர்த்தேன். அதில் கெட்டிப் பாலை விட்டுப் பிசைய வேண்டும், நான் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டேன், சேறு மாதிரி ஆகிவிட்டது. அதைச் சரிக்கட்ட இன்னொரு கேக் செய்து அதையும் உதிர்த்துப் போட்டேன், உருண்டைகள் ஒரு ஊருக்கே காணும் அளவுக்கு வந்துவிட்டன. குச்சி நுனியை முதலில் உருக்கிய சாக்லேட்டில் தொட்டுச் செருகி, குளிரவைத்து, அது பிடித்த பிறகுதான் உருண்டையை முழுசாக முக்க வேண்டுமாம். அதை உன் தங்கச்சி கடைசியில் படித்தாள். அதற்குள் நான் வெறும் குச்சியைச் செருகி முக்கிவிட்டேன். உருண்டை கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிட்டது, என் கையில் குச்சி மட்டும் வந்தது. ரிப்பேர் கேஸ் எல்லாம் இந்தப் பக்கம் அனுப்பு என்று அப்பா தட்டை நீட்டினார். சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னால், வண்டி நின்ற பிறகு டீசல் போட்டு என்ன பயன் என்கிறார். அவரோடு பேசி நான் என்றைக்கு ஜெயித்தேன்.

உருண்டைகளைக் குளிரவைக்க எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன். இந்த வெயிலுக்கு அது எவ்வளவுதான் தாங்கும். ஒரு தட்டு உருண்டைக்காகக் குளிரைக் கெஞ்சிக்கொண்டு நிற்கும்போது உன் நினைவு வந்தது. நீ நாள் முழுக்கக் குளிர்பதனக் கிடங்குக்குள் கையுறை போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குகிறாய், உனக்குப் போதும் போதும் என்கிற குளிர், எனக்கு ஒரு கைப்பிடி கிடைக்கவில்லை. இங்கே இருந்தபோது நீ என்னோடு அடுப்படியில் நிற்பாய், மாவுப் பாத்திரத்தை விரலால் வழித்துத் தின்பாய், நான் கரண்டியால் தட்டுவேன். சேறு மாதிரி மாவு ஒட்டியிருந்த பாத்திரம் அன்று அப்படியே மேடையில் கிடந்தது, யாரும் வழிக்கவில்லை. உன்னை நினைத்து நானே ஒரு விரல் வழித்துப் பார்த்தேன். இனிப்பு கூடுதல்தான்.

இனி ஸ்டாண்ட் கதை. குச்சிக் கேக்கைப் படுக்க வைக்க முடியாது, நிற்க வைக்க வேண்டும். கடையில் அட்டையில் செய்த ஸ்டாண்ட் விற்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிப்போவில் பஸ்ஸையே பிரித்து மாட்டியவன், அட்டை வாங்குவேனா என்று, கண்ணாடிச் சாமான் வந்த மரப்பெட்டியை உடைத்துப் பலகை எடுத்தார். எத்தனை நாள் அறுத்தார், எத்தனை நாள் தேய்த்தார் என்று கணக்கில்லை. துளை போடும் மெஷினை இரவல் வாங்கி, ஒவ்வொரு துளையிலும் குச்சியை விட்டு ஆட்டிப் பார்த்து, ஆடினால் அந்தப் பலகையையே ஒதுக்கி வைத்தார். அளவெடுக்கும்போதுதான் எனக்குப் புரியவில்லை, மேசையைச் சுற்றி அளப்பதை விட்டுவிட்டு ஃபிரிட்ஜின் மேலிருந்து டேப்பை நீட்டி நீட்டி அளந்தார். அங்கே சர்க்கரை டப்பா இருக்கிறதே, நீ கூப்பிட்டால் நாங்கள் போனைச் சாய்த்து வைக்கும் இடம். டப்பாவை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தாடையை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்தார். என்ன பண்றீங்க என்றேன். ஒரு உருண்டை இன்னொண்ணை மறைக்கக் கூடாது, அவனுக்கு எல்லாம் தெரியணும் என்றார். அப்படியே படிப்படியாக, எல்லாக் குச்சியும் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்படி செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, பிறந்தநாளன்று மேசையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். ஓடுகிற வண்டியில் எதையும் சும்மா வைக்கக் கூடாதாம். மேசை எங்கே ஓடுகிறது என்று கேட்டேன், போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார்.

எங்கள் இருவர் கண்ணுக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை கண்ணா. சாயங்காலம் பிள்ளைகளும் பெரியவர்களும் வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும்தான் தெரிந்தது. வாசலிலிருந்து பார்த்தால் ஸ்டாண்டின் முதுகு. பெயின்ட் கூட அடிக்காத வெறும் பலகை. அதில் பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்து தலைகீழாக, கவனம், உடையும் பொருள் என்று. மாடி வீட்டு டீச்சர் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு, இது என்னங்க ரேடியோவா என்று கேட்டார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் நான் கூடத்தையே ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். சோபாவை நீ எங்களைப் பார்க்க வசதியாக ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறோம், வருகிறவர்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். வாலுவின் படம் அந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது. நான் காய் நறுக்குவது கூட அந்தப் பக்கம் பார்த்துத்தான், நீ கூப்பிடாத நேரத்திலும். நீ போனதிலிருந்து இந்த வீடு மொத்தமும் ஒரு சர்க்கரை டப்பாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, அது எங்களுக்கே தெரியவில்லை.

அன்று நீ இடைவேளையில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாய். லாரிகள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டன, போனை லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகு சொன்னாய், உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த நேரம் எங்களுக்கு அது தெரியாதே. போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பிள்ளைகள் மேசையைச் சுற்றி எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்கள். சாக்லேட் வியர்க்க ஆரம்பித்தது. உருண்டைகள் சாய்ந்து நிற்கின்றன அல்லவா, மேல் படியில் இருந்த ஒன்று குச்சியில் மெல்ல மெல்ல வழுக்கி வந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்து உள்ளங்கையில் பிடித்தார். ஸ்டாண்டையாவது இந்தப் பக்கம் திருப்பலாம் மாமா, பிள்ளைங்க பாக்கட்டும் என்று மாப்பிள்ளை கை வைத்தார். இருக்கட்டும், அவன் வருவான் என்றார் அப்பா. போல்ட் போட்டிருப்பதால் திருப்பவும் முடியாது. கடைசியில் எல்லோரும் வரிசையாக மேசைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போய், நீ நிற்க வேண்டிய இடத்தில் நின்று பார்த்தார்கள். அங்கேயிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு. உருண்டையெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நம்மையே பார்க்கிற மாதிரி இருந்தது. நானும் ஒரு முறை போய் நின்றேன், சீக்கிரம் வந்துவிட்டேன்.

வாலுவை அப்பா தூக்கிப் பிடித்து, இங்கேர்ந்துதான் உன் மாமா நம்மைப் பார்ப்பான் என்று காட்டினார். அவளுக்கு நீ போன் மாமா. நீ விமானம் ஏறும்போது அவள் தங்கச்சி வயிற்றில் இருந்தாள், இதுவரை உன்னைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். அவள் சர்க்கரை டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள், போனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், பிறகு ரொம்ப அக்கறையாக, போன் மாமாவுக்குக் கால் இருக்கா தாத்தா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்பா மட்டும் அவளை மெல்ல இறக்கிவிட்டு, உள்ளங்கையில் இருந்த உருண்டையோடு வாசல் பக்கம் போய்விட்டார். உன் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளுக்குக் குச்சிக் கேக்கை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வாலு தன் பங்கைத் தின்றுவிட்டு உனக்கென்று ஒன்றை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாள். போனுக்குள் எப்படித் தருவது என்று அவளே யோசித்து, விடை கிடைக்காமல், அதையும் தின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் துளை போடும் சத்தம் கேட்டு எழுந்து வந்தால், அப்பா ஸ்டாண்டின் முதுகுப் பக்கம் புதிதாகப் படி பொருத்தித் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். உடையும் பொருள் என்று இருந்ததைத் தேய்த்து அழித்துவிட்டார், பெயின்ட் டப்பாவும் பக்கத்தில் தயாராக இருந்தது. பிறந்தநாள் முடிஞ்சுபோச்சே, இனி அடுத்த வருஷம்தானே, இப்ப எதுக்கு என்று கேட்டேன். அவர் நிமிரவே இல்லை. நேர்ல வர்றவன் வாசல் வழியாத்தானே வருவான், அவனுக்கு முதல்ல தெரியறது இந்தப் பக்கம்தானே என்றார். பேசிவிட்டுத் தூளை ஊதினார். போனில் உன் இஷ்டம்ப்பா என்று சொன்ன அதே மனுஷன்தான்.

இப்போது என் பதில். உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, அங்கே இருந்தால்தான் சந்தோஷம் என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அழுதாலும் உனக்குத் தெரியாமல் அழுதுகொள்கிறேன். எங்களுக்காக, இந்த வீட்டுக்காக என்று நினைத்துப் போடப் போகிறாய் என்றால் வேண்டாம். வீடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கூரை ஒழுகவில்லை, எங்களுக்குக் குறையாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். போனில் இல்லை, தோளைத் தொட்டு, தலையைத் துவட்டி, இளைத்துவிட்டாய் என்று திட்டிப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் உன் மனசு தடுமாறும் என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாம் இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். நீ என்ன சொல்லட்டும் என்று கேட்டாயே, வா என்று சொல்கிறேன். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார், அவருக்குத் துளை போட்டுத்தான் சொல்ல வரும்.

கிடங்குக்குள் போகும்போது காதை மூடிக்கொள், முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வைக்கிறேன் என்று பெட்டிக்குள்ளேயே வைத்துவிடாமல் தேய்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நிம்மதியான தூக்கத்தோடு, நல்லவர்கள் துணையோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். கையெழுத்து விஷயத்தை மறந்துவிடாதே, நன்றாக யோசித்து முடிவு செய். வருவதென்றால் போனில் முன்கூட்டிச் சொல்லாதே. நேராக வாசல் வழியாக வா. வந்ததும் எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, முதலில் வாலுவிடம் உன் இரண்டு காலையும் காட்டு.

வாசலைப் பார்த்துச் சோபாவைத் திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா