சண்முகவேல் சொன்ன நம்பர்

ஜூலை 9, 1984, திங்கள்

சாரல் விடவில்லை. உறை போட்டும் டைப்ரைட்டர் ரிப்பன் எல்லாம் நசநசவென்று. காலை பேட்ச்சில் பாதிப் பேர் வரவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், பின்னே எப்படி வருவார்கள்.

மத்தியானம் சண்முகவேல் வந்தான். தங்கை கோமதியைப் பெண் பார்த்துவிட்டுப் போன இலஞ்சிப் பையன். சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். கையில் ஒரு கம்ப்யூட்டர், சிலேட்டு அளவுதான்.

"வீட்ல ஓடு ஒழுகுது அண்ணாச்சி, ஒங்க இன்ஸ்டிடியூட்லயே இருக்கட்டும்."

டிவியில் மாட்டி, டேப்ரிக்கார்டரில் கேசட் போட்டான். காது கூசும் கீச்சல், புரோகிராம் ஏறுகிற சத்தமாம். அப்புறம் திரையில் இங்கிலீஷ் எழுத்து. விளையாட்டாம். விண்வெளிக் கப்பல், மற்ற ஆள் எல்லாம் செத்தாயிற்று, நாம் மட்டும் பாக்கி. செய்ய வேண்டியதை டைப் அடித்தால் கப்பல் பதில் சொல்லும். காற்று தீர்வதற்குள் தப்ப வேண்டும்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எதற்குக் காட்டுகிறான்?

ஜூலை 10

இன்றும் வந்தான். இரண்டே விரலில், கோழி கிளறுவதுபோல அடிக்கிறான். கேப்டன் அறையில் ஒரு நம்பர் கிடைத்ததாம். "நடுக்கதவுக்கு 7114 அண்ணாச்சி, அடிங்க."

அடித்தேன், எழுத்துக் கட்டையைப் பார்க்காமல், பத்து விரலில். தப்பு என்றது. மறுபடியும் தப்பு. காற்று தீர்ந்து செத்தேன். அவன் உட்கார்ந்தான், கதவு திறந்துவிட்டது. திரை உடனே மாறிவிடுகிறது. என்ன அடித்தான் என்று பார்க்க முடியவில்லை. சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

துவரம்பருப்பு வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 12

நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை. இன்று அவன் வருமுன் தனியாக அடித்தேன். திரையில் 7114 என்றுதான் தெரிகிறது. தப்பாம். ஆக, எனக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தான் வேறு அடிக்கிறான். விளையாட்டிலேயே இப்படி.

என்ன வேலை என்றால் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் என்கிறான். யார் கண்டது? அச்சன்புதூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. ஏமாந்தால் என் தலையில்தான் விடியும். பயமாக இருக்கிறது.

கோமதியிடம் சொன்னேன். "ஒனக்குப் பால்காரர்ல இருந்து எல்லாரும் கள்ளன்தாம். எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு."

பால்காரன் தண்ணீர் கலக்குவது உண்மை.

அவளே உட்கார்ந்து நம்பரை அடித்துப் பார்த்தாள். தப்பு. முகம் விழுந்துவிட்டது.

ஜூலை 13

இலஞ்சி போய் அவன் அம்மாவிடம் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். கதவு நம்பரைச் சொல்லவா முடியும்? ஜாதகம் என்றேன்.

"பொருத்தம் பாத்ததே நீங்கதானய்யா?"

விடுவிடுவென்று வந்து பஸ் ஏறினேன். கோமதி எனக்குச் சோறு போட்டாள், அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 14, சனி

புதிதாகச் சேர்ந்த பெண், முதல் நாள் எல்லோரும் கேட்பதையே கோமதியிடம் கேட்டது. "அக்கா, டைப்ரைட்டர்ல ஒண்ணாம் நம்பர் கட்டையையே காணோம்?"

"சின்ன எல் அடி, அதான் ஒண்ணு" என்ற கோமதி அப்படியே நின்றுவிட்டாள். நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, ஒண்ணு அடிக்க எந்த வெரலு?"

யோசிக்காமல் வலது மோதிர விரலைத் தூக்கினேன். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். கம்ப்யூட்டரில் மேல் வரிசையில் ஒன்றுக்குத் தனிக் கட்டை இருக்கிறது. இத்தனை வருஷமாக எல் எழுத்தைத்தான் ஒன்று என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். கோமதிக்கும் நான் சொல்லிக்கொடுத்ததுதானே. கண்ணுக்கு ஒரே மாதிரி, இந்த மெஷினுக்கு மட்டும் அது வெறும் எழுத்து.

அவள் ஒற்றை விரலால் தேடித் தேடி 7114 அடித்தாள். கதவு திறந்தது. அவன் சொன்ன நம்பர் சரிதான், எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து வாசலில் சண்முகவேல். மெஷினை எடுத்துப்போக வந்திருக்கிறான். இன்று சிரிப்பு இல்லை.

"ஜாதகத்துல என்ன அண்ணாச்சி குத்தம்? உள்ளதச் சொல்லுங்க."

நான் வாய் திறக்குமுன் வயரைக் கழற்றக் குனிந்தான். கோமதி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எங்க அண்ணன் இப்பவே ஒங்க வீட்டுக்கு வருதான். ஒங்க அம்மைட்ட அவனே சொல்லுவான். அதுவரைக்கும் இது இங்கனதான் இருக்கும்" என்றாள், என்னைக் கேட்காமலே.

வேட்டி மாற்றியாயிற்று. அவன் அம்மாவிடம் எங்கிருந்து தொடங்குவது? வெளியே நல்ல மழை. குடையைக் காணோம். பால்காரன்தான் எடுத்திருப்பான்.