வெறும் மெஷின்

காஞ்சன்பாக்,
12 ஆகஸ்ட் 2024

வித்யாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணனின் சர்க்கரைப் புண்ணைக் கரண்ட் வைத்து ஆற்றலாம் என்று உங்கள் ஆஸ்பத்திரிக்கு நீதான் வரச் சொன்னாய். அத்தனை டிராபிக்கில், வாடகைக் காரில், கட்டுப்போட்ட காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். நீ காலில் பேட் ஒட்டுவாய், ஒயரை மாட்டுவாய், பச்சை லைட் எரியும். நான் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று டாக்டர் சொல்கிறார், ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். பாதிப் பேருக்குக் கரண்ட்டே கொடுக்கவில்லையாம். இவரும் அந்தப் பாதியாம். கால் விரலை வெட்டி எடுத்த பிறகு சொல்கிறார்கள்! இவருக்குத்தான் காலில் உணர்ச்சியே கிடையாதே, செருப்பு கழன்றாலும் தெரியாது. கரண்ட் வரவில்லை என்று எப்படிச் சொல்வார்?

கூடப் பிறந்தவள் நீ. ஒயரை மாட்டும்போது கை கூசவில்லையா?

பகவதி

கச்சிபௌலி,
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

எந்த மெஷினில் கரண்ட் இருக்கிறது என்று, மாட்டுகிற எங்களுக்கும் சொல்லமாட்டார்கள். எங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடுமாம். உங்களைப் போலத்தான் நானும் நம்பிக்கொண்டு நின்றேன். கிருமி எலும்புக்குள் போய்விட்டதால் விரலை எடுத்தார்கள். கரண்ட் கொடுத்திருந்தால் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது மதினி.

ஆனால் பாதிப் பேருக்கு வெறும் மெஷின் என்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆராய்ச்சியில் சேரும்போதே டாக்டர் விளக்கமாகச் சொன்னார். "மதினிகிட்ட சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "நக்கோ, வேணாம். அவ விடமாட்டா" என்றான்.

விரலை எடுத்த இடம் இன்னும் மூடவில்லையே. வெறும் மெஷின் வைத்தவர்களுக்கு இப்போது நிஜக் கரண்ட் தருகிறார்கள். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். அண்ணனைக் கூட்டி வாருங்கள்.

வித்யாலட்சுமி

காஞ்சன்பாக்,
21 ஆகஸ்ட் 2024

வித்யாவுக்கு,

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். கம்பெனியில் டெஸ்டிங் செக்ஷன்காரர் அல்லவா, எனக்குப் பாடம் எடுக்கிறார். "ஒண்ணுல கரண்ட் இருக்கணும், இன்னொண்ணுல இருக்கக்கூடாது. அப்பத்தான எது ஆத்துச்சுன்னு தெரியும்? யாராவது ஒருத்தன் உக்காரணும்லா, பகவதி?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். யாராவது ஒருத்தன், சரி. அந்தக் காலைக் கழுவிக் கட்டுப்போடுவது யாராவது ஒருத்தியா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல அண்ணனுக்கும் தங்கைக்கும் வாய் வரவில்லை.

கூட்டி வருகிறேன். நீ அந்த அறைக்குள் வராதே. வேறு யாராவது மாட்டட்டும்.

பகவதி

காஞ்சன்பாக்,
20 அக்டோபர் 2024

வித்யாவுக்கு,

புண் முக்கால்வாசி மூடிவிட்டது. கரண்ட்டாலா, மருந்தாலா, எனக்குத் தெரியாது. சாஹித்யா என்ற பெண்தான் மாட்டுகிறாள். முதல் நாள், "மொதல்ல என் கையில வைம்மா" என்றேன். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அப்புறம்தான் அவர் காலில் வைக்க விட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீ நின்றதைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு உன்னைக் கூப்பிடச் சொல்லி அண்ணன் நச்சரிக்கிறார். அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், தினமும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறேன். உன்னோடு அப்படி முடியாது.

வா. சாப்பாடு போடுவேன். பேச்சை எதிர்பார்க்காதே.

பகவதி