பத்தொன்பதால் வகுத்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் காகிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்கு டைல்ஸ் கம்பெனியில் அதே பெட்டி கட்டும் வேலைதான்.

உன் தம்பியின் நோட்டை அம்மா பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். போன வாரம் கேட்டு வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறது: 510511. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டியிருக்கிறான். அந்த ஏழில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அதனால் இது பகா எண், எதாலும் வகுபடாது என்று வீடு முழுக்கத் தம்பட்டம் அடித்தானே. எனக்குப் புரிகிற மாதிரியும் சொன்னான்: “இத்தனை டைல்ஸ் வந்தா, ரெண்டு ரெண்டா, மூணு மூணா, ஏழு ஏழா எப்படி அடுக்கினாலும் ஒண்ணு உதிரியா நிக்கும்பா.”

அன்று போனில் நீ, பதினேழோடு நின்றுவிட்டாயே அவசரக்குடுக்கை, அடுத்து பத்தொன்பதாலும் வகுத்துப் பார் என்று சிரித்தாய். அவன் பட்டென்று போனை வைத்தான். அரை மணி நேரத்தில் தெரு முக்கில் அந்த லாரி.

அவனை எடுத்த அன்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உன்னைச் சொன்னேன். நீ கேலி செய்ததால்தான் கோபித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான் என்றேன். நீ அன்றே ரயிலேறிப் போனாய். எட்டு மாதமாகிறது.

நான் சொன்னது பொய், மகளே. அவனுக்குக் கோபமே இல்லை. போனை வைத்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். நான்தான் சவரத்துக்கு பிளேடு வாங்கி வரச்சொல்லி விரட்டினேன்.

“இருங்கப்பா, அக்கா சொன்ன பத்தொன்பதை மட்டும் போட்டுப் பாத்துட்டுப் போறேன்” என்றான்.

“வந்து போட்டுக்கலாம், எழுந்திரு” என்றேன்.

இதை யாரிடமும் சொல்லாமல் பழியை உன் தலையில் கட்டினேன். முந்தாநாள்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

நேற்று அவன் விட்ட இடத்தில் நானே வகுத்தேன். மூன்று தடவை தப்பாகப் போனது. நான்காம் தடவை 26869 வந்தது, மிச்சமே இல்லை. நீ சொன்னதுதான் சரி. அவன் இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டு, தோற்றேன் அக்கா என்று உனக்குப் போன் செய்திருப்பான். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. அம்மாவைப் பார்க்க மட்டும் ஒரு தடவை வந்துபோ. என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்காவிட்டால் சொல், நீ இருக்கும்வரை நான் கம்பெனியிலேயே படுத்துக்கொள்கிறேன். அவனைக் கொன்றது நீ இல்லை. அந்த நினைப்பில்லாமல் நீ நன்றாகத் தூங்க வேண்டும், அது போதும் எனக்கு.

உன்னிடம் பொய் சொன்ன
அப்பா