மேலே உள்ளதை அப்படியே எழுதவும்

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு மாலை

என் அன்பு மகன் ஜெர்சனுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மனம் தளராமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். இந்தக் காலத்தில் யாராவது டப்ளினுக்குத் தபாலில் கடிதம் போடுவார்களா என்று அப்பா கேலி செய்கிறார். போனில் ஒரு வரி தட்டினாலே அது எங்கே போய் யார் கண்ணில் படுமோ என்று எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் கொஞ்ச நாளாக அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது உனக்கும் தெரியும்.

ஊரப்பாக்கம் சித்தி மாடி கட்டி முடித்துவிட்டாள், போன சனிக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த வெயிலில் பஸ் நகரவே இல்லை, சர்ச் ஐயர் ஜெபத்தை முடிக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பந்தியில் உட்கார்ந்ததும் சித்தி எல்லார் முன்னாலும், ஜெர்சனுக்கு வேலை ஆயிடுச்சாக்கா, நீ சொன்னபடி நாங்கல்லாம் அன்னிக்கே கமெண்ட் போட்டோமே என்று கேட்டாள். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் பிரியாணியை இலையிலேயே விட்டு, கை கழுவப் போகிறவள் மாதிரி எழுந்துவிட்டேன்.

நான் செய்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன் கண்ணா, உன்னிடம் போனில் பாதிதான் ஒப்புக்கொண்டேன். பிப்ரவரியில் உன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது நீ உடைந்து போகாமல், செய்த வேலைகளை ஒவ்வொன்றாக லிங்க்ட்இன்னில் போட ஆரம்பித்தாய். இப்பல்லாம் சர்டிபிகேட்டுக்கு முன்னாடி இதத்தான்மா பாக்குறாங்க, அக்டோபருக்குள்ள வேலை கெடைக்கலன்னா விசா போயிடும், நீங்களும் ஒரு தடவ போய்ப் பாருங்க என்று சொன்னாய். பாருங்கள் என்றுதான் சொன்னாய். நான் பார்க்கவில்லை, நேராக வேலையில் இறங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி டோக்கன் இயந்திரத்துக்கு நீ வரைந்த புதுத் திரையின் கீழே யாரோ இரண்டு பேர்தான் ஏதோ எழுதியிருந்தார்கள், என் பிள்ளையின் உழைப்புக்கு இவ்வளவுதானா என்று எனக்குப் பொறுக்கவில்லை. நம் சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவோம், உடனே அத்தனை பேரும் ஜெபிப்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். நான் இந்தத் திரையை உபயோகித்தேன், மிகவும் எளிதாக இருந்தது, வடிவமைத்தவர் திறமைசாலி என்று நல்ல இங்கிலீஷில் எழுதி, அதன் கீழே, மேலே உள்ளதை அப்படியே எழுதவும், பிழை கூடாது, ஞானஜோதி டீச்சர் என்றும் போட்டு அனுப்பினேன். காலமெல்லாம் போர்டில் மாதிரி விடை எழுதிப் போட்ட கை அல்லவா. கணக்கு இல்லாதவர்களைக்கூட விடவில்லை, ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கிற இடத்தில் உட்காரவைத்து லிங்க்ட்இன் கணக்கு திறக்கச் சொன்னேன். எல்லாரும் அப்படியே எழுதினார்கள். பள்ளிக்கரணை ஜோசலின் ஆண்ட்டி ரொம்பவே அப்படியே எழுதினாள், என் உத்தரவையும் என் பெயரையும் சேர்த்து.

அவர்களில் ஒருத்திகூட அந்தத் திரையைக் கண்ணால் பார்த்ததில்லை. பொய் சொல்லக் கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் பாட்டாகச் சொல்லிக்கொடுத்த நான், ஊழியம் செய்கிற பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் பொய் எழுதவைத்திருக்கிறேன். நீ போன நேர்காணலில் கேள்வி கேட்ட அம்மாள் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் திறந்து காட்டி, இந்த டீச்சர் யார், முதியவர்களிடம் காட்டிச் சோதித்தேன் என்கிறீர்களே, அந்த முதியவர்கள் இவர்கள்தானா என்று கேட்டபோது நீ எப்படி உட்கார்ந்திருந்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது எங்க அம்மா என்று சொல்லிவிட்டேன் என்றாய். அந்த வேலை போயிற்று. நீ என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், குரலை உயர்த்தாமல், இனிமே என் பக்கத்துல எதுவும் போடாதீங்கம்மா என்று மட்டும் சொன்னாய். பிறகு, நீங்க அத தொறந்து ஒரு தடவயாவது படிச்சீங்களா என்று கேட்டாய். படித்தேன் என்றேன். அதுவும் பொய்.

மறுநாள்தான் திறந்தேன். நீ அதில் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருந்தாய். டோக்கன் இயந்திரத்தின் முன்னால் நின்று, எதை அழுத்துவது என்று புரியாமல், யாரிடமும் கேட்கவும் மனம் வராமல், கண்ணாடியைத் தேடுகிறவர் போலக் கைப்பையைத் துழாவிக்கொண்டு பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னே போகவிட்டவர். அவருக்காகத்தான் இந்தத் திரையை மாற்றினேன் என்றும், வெட்கப்பட வேண்டியது அந்தத் திரைதான், அவர் இல்லை என்றும் எழுதியிருந்தாய். பெயர் போடவில்லை, உறவு சொல்லவில்லை, கூடப் போட்ட படத்தில் அந்தப் பெண்மணியின் பையில் இருந்த பச்சைக் குடையைக்கூட வேறு நிறமாக வரைந்திருந்தாய். நீ என்னை அவ்வளவு பத்திரமாக மறைத்துவைத்த அதே பக்கத்தில் நானே போய் என் பெயரை எழுதவைத்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அப்பா வந்து அணைத்தார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பெனிக்கு நானே விளக்கம் எழுதிவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், அவர் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், நல்ல காரியம். இந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய், நான் உங்களைத் தப்பாக எழுதச் சொல்லிவிட்டேன், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எப்படி எடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தியின் போனை வாங்கிக்கொண்டு சேலையூர் போன் கடையில் போய், எனக்குத் தெரியாது, சொல்லித்தாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். கடைக்காரர், இதுக்கு இன்னாத்துக்குமா பேஜாராவுற, குடு பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே காட்டினார். ஜோசலின் ஆண்ட்டியுடையதும் நேற்று போய்விட்டது. இன்று காலை ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று என் தப்பைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களையும் வேண்டாம் என்றேன்.

கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார், உனக்கென்று வைத்திருக்கிற கதவைத் திறப்பார். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி முழுக்கத் திரையைப் பார்க்காதே. என்னிடம் பேச மனம் வரும்போது பேசு, அதுவரை அப்பாவிடம் பேசுகிறபோது நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி எந்த நேர்காணலிலாவது அந்தப் பெண்மணி யார், உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்டால், தாராளமாக என் பெயரைச் சொல். யாரும் எழுதிக்கொடுக்காமல் நானே சொல்வேன். அன்றைக்குக் கண்ணாடி தொலையவில்லை ஜெர்சன், பைக்குள் அதைப் பிடித்துக்கொண்டேதான் நின்றிருந்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா
ஞானஜோதி தனசிங்